கை ஊன்றாமல்

சும்மா நிற்பதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. வந்து ஒரு முற்பகல் நின்று பாருங்கள் என்பேன், அவ்வளவுதான். தலையில் முழ உயரக் கம்பளித் தொப்பி. அதன் வார் தாடையைக் கவ்விக்கொண்டே இருக்கும். உடம்பில் கழுத்துவரை பொத்தான் போட்ட கம்பளிக் கோட்டு. போரில் மாண்டவர்களின் நினைவு வளைவுக்கு முதன்முதலில் காவல் நின்றவர்கள் பனிக்காலத்தில் நின்றார்களாம். அதனால் வெயில் மண்டையைப் பிளந்தாலும் அவர்கள் போட்டதைத்தான் நாங்களும் போட வேண்டும். அவர்கள் குளிருக்காகப் போட்டார்கள், நாங்கள் அவர்களுக்காகப் போடுகிறோம்.

வளைவின் இந்தத் தூணருகே நான், அந்தத் தூணருகே மச்சான். என் அக்காவின் கணவர். முகத்தோடு முகம் பார்த்து எதிரும் புதிருமாக நிற்போம். இமைக்கலாம், ஆனால் கருவிழி நகரக் கூடாது. மூக்கில் ஈ உட்கார்ந்தால் அது விருந்தாளி. அதுவாகக் கிளம்பும்வரை நாம் உபசரிக்க வேண்டியதுதான். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் நாக்கைத் துருத்துவார்கள், பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். ஒரு கிழவர் என் தோளைத் தட்டிப் பார்த்துவிட்டு, “நிஜ ஆளுதான் போல” என்று மனைவியிடம் சொன்னார். சில நாள் எனக்கே அந்தச் சந்தேகம் வருவதுண்டு.

நிற்பதன் சூட்சுமம் முழங்காலில் இருக்கிறது. முழங்காலை இறுக்கிப் பூட்டிவிட்டால் ரத்தம் காலிலேயே தங்கிவிடும், தலைக்கு ஏறாது. அதனால் வெளியே கல்லாக நின்றாலும் பூட்ஸுக்குள் கால்விரல்களை மடக்கி விரித்தபடியே இருக்க வேண்டும். கெண்டைக்காலை இறுக்கித் தளர்த்த வேண்டும். மனசுக்கும் ஒரு வேலை கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அது உடம்பைக் கவனிக்கத் தொடங்கிவிடும். மச்சான் வெங்காயம் உரிப்பாராம். மனசுக்குள் ஒரு மூட்டை வைத்திருக்கிறார், அது தீர்வதே இல்லை. நான் மாடிப்படி கழுவுவேன். யாருடைய வீடு, எத்தனையாவது மாடி என்று தெரியாது. ஒவ்வொரு படியாகத் தண்ணீர் விட்டு, துடைத்து, அடுத்த படிக்கு இறங்குவேன். படிகள் போய்க்கொண்டே இருக்கும். கீழே எங்கிருந்தோ குளிர்ந்த காற்று வரும். வெயில் ஏற ஏற அந்தப் படிகள்தான் நிஜம்போலவும், இந்த வளைவும் கூட்டமும் யாரோ எனக்குச் சொன்ன கதைபோலவும் ஆகிவிடும்.

பேசக் கூடாது என்பதால் எங்களுக்குள் ஒரு தட்டு பாஷை உண்டு. துப்பாக்கியின் அடிக்கட்டையால் கல்லில் ஒரு தட்டு தட்டினால், ‘நீ சாய்கிறாய், விரலை அசை’ என்று அர்த்தம். எதிரே நிற்பவன் இரண்டு தட்டினால், ‘நான் சரியாக இருக்கிறேன்.’

போன கோடையில் மச்சான் இடதுபக்கம் லேசாகச் சாய்வதைப் பார்த்து ஒரு தட்டு தட்டினேன். இரண்டு தட்டு பதில் வந்தது. உடனே வெட்டின மரம்போல விழுந்தார். தாடை கிழிந்து ரத்தம் கல்லில் ஓடியது. நான் நகரவில்லை. நகரக் கூடாது. விழுகிறவனைத் தாங்கக் கூடாது, விழுந்தவனைப் பார்க்கக்கூடக் கூடாது. ஸ்ட்ரெச்சர் வந்தது, மாற்று ஜோடி வந்தது, என்னையும் சேர்த்து மாற்றினார்கள். ஜோடியில் ஒருவன் விழுந்தால் இரண்டு பேரையும் மாற்ற வேண்டும் என்பது சட்டம். ஒற்றைக் காவல் மாண்டவர்களுக்கு அவமரியாதையாம்.

இன்னொரு சட்டமும் உண்டு. விழுந்தாலும் விறைப்பாகவே விழ வேண்டும். நிஜமாக மயங்கியவன் கையை ஊன்ற மாட்டான். அதனால் யார் விழுந்தாலும் எங்கள் சார்ஜெண்ட் முதலில் உள்ளங்கையைத்தான் திருப்பிப் பார்ப்பார். ஆடையில் ஒரு சுருக்கம் கண்டால் தூக்கம் வராத மனிதர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் இஸ்திரிப்பெட்டி. உள்ளங்கை சிராய்த்திருந்தால் நடிப்பு, அன்றோடு சீருடையைக் கழற்ற வேண்டியதுதான். மச்சானின் உள்ளங்கை சுத்தமாக இருந்தது. முதல் விழுகை மன்னிக்கப்பட்டது. இரண்டாவது முறை விழுந்தால் மலைச் சாவடிக்கு மாற்றல்.

அக்கா மட்டும் மன்னிக்கவில்லை, அதுவும் என்னை. “அவரு விழும்போது மரக்கட்டையாட்டம் பாத்துட்டு நின்னியாமே? ஒரு கை நீட்டியிருந்தா உன் கை என்ன தேஞ்சா போயிடும்?” என்றாள். சட்டம் என்றேன். “உன் சட்டத்தைக் கொண்டுபோய் உப்புப் போட்டு நக்கு” என்று கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. நான் தட்டியதை மச்சான் அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உடை மாற்றும் அறையில் என்னைப் பார்த்தால் நெளிவார்.

“மாப்ள, உன்கிட்ட பேசினா எனக்கு வீட்ல சோறு கிடையாது. கோச்சுக்காத.”

“அப்ப தூணுகிட்ட பேசிக்குவோம் மச்சான்” என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். எங்களுக்கு அம்மா போன பிறகு என்னைத் தூக்கி வளர்த்தவள் அக்கா.

பிறகு அக்கா உண்டாகியிருக்கும் செய்தி வந்தது, அதுவும் வேறு யாரோ சொல்லி. எத்தனையோ வருஷம் காத்திருந்து, ஒன்று தங்காமல் போய், இப்போது தங்கியிருக்கும் பிள்ளை. படுத்தே இருக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். மலைச் சாவடியில் டாக்டர் இல்லை. பனி விழுந்தால் பாதையும் இல்லை. மச்சானை அங்கே அனுப்பினால் அவள் இங்கே இருக்கமாட்டாள், வயிற்றைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஏறிவிடுவாள். அவளுடைய பிடிவாதம் ஊருக்கே தெரியும்.

நினைவு நாள் வந்தது. அன்றைக்குப் புதுக் கொடி ஏற்றுவார்கள், பெரியவர்கள் எல்லோரும் பேசுவார்கள். பேச்சு முடியும்வரை காவல் மாறாது. எல்லாக் குடும்பங்களும் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றன. மச்சானின் தோளுக்குப் பின்னால், என் பார்வையின் ஓரத்தில், அக்காவின் நீலக்குடை தெரிந்தது. படுத்திருக்கச் சொன்னால் கேட்டால்தானே.

முதல் பெரியவர் பேசினார். நான் படி கழுவத் தொடங்கினேன். இரண்டாமவர் பேசினார். வியர்வை முதுகில் இறங்கி இடுப்பு வாரில் தேங்கி, பிறகு காலில் இறங்கி பூட்ஸுக்குள் போனது. கல்தரையிலிருந்து அனல் எழுந்து எல்லாவற்றையும் அலையவைத்தது. கொடிக்கம்பம் நெளிந்தது. பேசுகிறவரின் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வந்தது. படிகள் மட்டும் தெளிவாக இருந்தன, ஈரமாக, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வானத்தோடு.

அப்போது மேலிருந்து அக்கா இறங்கி வந்தாள். ஒரு கையில் குடை, மறு கை வயிற்றின்மேல். நான் இப்போதுதான் கழுவிய படி அது, வழுக்கும். ‘அங்கயே நில்லு’ என்று சொல்ல வாய் திறந்தேன், காவலில் பேசக் கூடாது. அவள் கால் வழுக்கியது. கை நீட்டப் போனேன், கை தொடையோடு ஒட்டியிருந்தது. கனவிலும் நான் விறைப்பாகத்தான் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது.

இமைத்துக் கண்ணைத் தெளியவைத்துக்கொண்டு பார்த்தேன். மச்சான் சாய்ந்துகொண்டிருந்தார். அதே இடதுபக்கம். உதடு வெள்ளைக் காகிதம். கண் திறந்திருந்தது, ஆனால் உள்ளே ஆள் இல்லை. வெங்காய மூட்டையையும் விட்டுவிட்டு எங்கோ போய்விட்டார்.

ஒரு தட்டு தட்டினேன். பதில் இல்லை. இரண்டு பேச்சுக்கு நடுவே பேண்டு வாத்தியம் முழங்கும் நேரம் பார்த்து இன்னும் பலமாகத் தட்டினேன். அந்தப் பொய்க்கார இரண்டு தட்டுகூட வரவில்லை. மூன்றாவது பெரியவர் மைக்கைத் தட்டி, “சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன்” என்றார். அப்படிச் சொன்ன எவரும் சுருக்கமாக முடித்ததில்லை.

ஓடிப்போய்த் தாங்கலாம். தாங்கினாலும் அது விழுகைதான், கணக்கில் ஏறும். ஆனால் ஜோடியில் ஒருவன் விழுந்தால் இரண்டு பேரையும் மாற்ற வேண்டும். யார் விழ வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. நான் இதுவரை ஒரு தடவைகூட விழுந்ததில்லை.

என் கருவிழி நகர்ந்தது. எத்தனையோ வருஷக் காவலில் முதல் தடவை. நீலக்குடையை நேராகப் பார்த்தேன். பிறகு முழங்காலைப் பூட்டினேன். எடையைக் கால்விரல்களுக்குக் கொண்டுபோனேன். தரை மெதுவாகத்தான் வந்தது. வருகிற வழியில் என் இரண்டு கைகளும் எனக்குத் துரோகம் செய்யப் பார்த்தன. பிறந்ததிலிருந்து விழுந்தால் ஊன்றியே பழகிய கைகள். வேண்டாம் என்று கெஞ்சினேன். துப்பாக்கியை ஒன்றும் தொடைத் தையலை ஒன்றும் பிடித்தபடி அவை கேட்டுக்கொண்டன. மூக்கு முதலில் போய்ச் சேர்ந்தது.

முகாம் மருத்துவ அறையில் கண் திறந்தபோது இஸ்திரிப்பெட்டி என் உள்ளங்கைகளை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சுத்தம். நிஜ விழுகைதான்” என்றார். மூக்கெலும்பு உடைந்திருந்தது, முன்பல் இரண்டு இல்லை. “நல்ல விழுகை. கோட்டுல ஒரு சுருக்கம்கூட விழல” என்று சொல்லிவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு போனார்.

அடுத்து அக்கா வந்தாள். குடையை மடக்காமலே உள்ளே வந்தாள். ஸ்டூலை இழுத்துப்போட்டு மூச்சு வாங்க உட்கார்ந்தாள்.

“முன்பல்லா போச்சு? இனிமே உனக்கு எவ கழுத்த நீட்டுவா?” என்றாள். கண்ணிலிருந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது.

“மச்சான்?”

“நெழல்ல படுக்கவெச்சுத் தண்ணி குடுத்தாங்க. அவரு விழல. அதான் உனக்குத் தெரியுமே.”

“எனக்கு மயக்கம் வந்துச்சுக்கா.”

“வந்துச்சு, வரும். மயங்கி விழறவன் ஆளைத் தேடிப் பாத்துட்டா விழுவான்? என்னைப் பாத்தடா நீ. என் கல்யாணத்துக்கு மறுநாள் நான் வந்து எதுக்க நின்னப்பகூட உன் கண்ணு அசையல. இன்னைக்கு அசைஞ்சுது.”

வாசலில் மச்சான் நின்றுகொண்டிருந்தார். கோட்டுப் பொத்தான்கள் கழன்றிருந்தன, முகத்தில் இன்னும் ரத்தம் ஊறவில்லை.

“என்ன, அங்கயும் டூட்டியா? உள்ள வாங்க” என்றாள் அக்கா.

அவர் வரவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தே சொன்னார்: “அன்னைக்கும் மாப்ள தட்டினான். நாந்தான் நல்லா இருக்கேன்னு பதிலுக்குத் தட்டிட்டு விழுந்தேன். அவன்மேல தப்பு இல்ல.”

அக்கா திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தாள். “இதை எப்ப சொல்றதா இருந்தீங்க? பிள்ளை வேலைக்குப் போனப்புறமா?”

வெளியே புதுக் கொடியின் கயிறு கம்பத்தில் மோதிக்கொண்டிருந்தது. பிறகு அக்கா என்னிடம் குனிந்தாள்.

“கேட்டுக்க. அடுத்த தடவ அவரு ஆடினா ஆடட்டும், விழுந்தா விழட்டும். மலைக்கு அனுப்பினா நான் போறேன். அங்க பொம்பளைங்க பிள்ளை பெக்காமயா இருக்காங்க? நீ மட்டும் விழக் கூடாது. கை நீட்டலன்னு உன்னைத் திட்டினேன்ல, அது என் புத்தி கெட்ட பேச்சு. நீ முகத்தோட தரையில போய் மோதினப்ப அந்தச் சத்தம் கயித்துக்கு இந்தப் பக்கம் கேட்டுது. இன்னொரு தடவ அதைக் கேக்க என்னால முடியாதுடா. சத்தியம் பண்ணு.”

கையை நீட்டினாள். அப்போதுதான் கவனித்தேன், படுக்கையிலும் என் கைகள் தொடையோடு ஒட்டி விறைப்பாகவே கிடந்தன. பிரித்து எடுக்க நேரமாயிற்று. எடுத்து அவள் உள்ளங்கையில் அடித்து, இனி விழமாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

வாசலில் மச்சான் விரல் முட்டியால் கதவில் இரண்டு தட்டு தட்டினார்.

எங்கள் இருவரில் எவன் பெரிய பொய்யன் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்றும் கேட்கவில்லை. என் கையையும் விடவில்லை.