கழன்ற தோள்

வெளிச்சம் வருமுன்னே இரும்புக் கிடங்கில் லாரி வந்து நின்றுவிட்டது. பனியில் நனைந்த கம்பிக் கட்டுகள் தோலைப் பிய்த்தன. மடித்த கோணியைத் தோளில் போட்டு முன்னால் நெட்டையன், பின்னால் அவன் கூட்டாளி கட்டையன். கட்டோடு நெட்டையன் திரும்பினானோ இல்லையோ, வலது தோளுக்குள் ‘டக்’கென்றது. இரும்பு சரிந்து தரை அதிர்ந்தது. அவன் முழங்காலில் விழுந்தான். கை தன்பாட்டுக்குத் தொங்கியது. உயிர் போகிற வலி.

இது புதிதல்ல. எதிர்ச்சாரி மர அறுவை மில்லில் அவன் வேலை பார்த்தபோது மரம் உருண்டு வந்து பெயர்த்த தோள் அது. தோளில் போட்ட மாவுக்கட்டைப் பிரித்ததுமே மில்காரர் வேலையை விட்டுத் தூக்கினார். இங்கே வந்தபின் அது அடிக்கடி கழன்றது. ஒவ்வொரு தடவையும் கட்டையன் அக்குளில் காலை ஊன்றி, மணிக்கட்டைப் பிடித்து இழுத்து மாட்டிவிடுவான், வேலையும் நிற்காது. பாவிகள், அதைக் கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்திருந்தார்கள். ஆபரேஷன் செய்யாவிட்டால் கை விளங்காது என்று டாக்டர் போன தடவை கறாராகச் சொல்லிவிட்டார். செலவைக் கேட்டால் கிடங்கு முதலாளி மில்காரரைக் காட்டினார், மில்காரர் இவரைக் காட்டினார்.

கட்டையன் வழக்கம்போல் செருப்பைக் கழற்றினான்.

“வேணாண்டா, விடு.” நெட்டையன் கடித்த உதட்டில் ரத்தம் கசிந்தது. “நீ மாட்டி மாட்டி விட்டுத்தான் ரெண்டு மொதலாளியும் தப்பிச்சாங்க. இப்படியே வந்து பாக்கட்டும்.”

லாரி நிற்கிறதே என்ற வெறியில் மேஸ்திரி பாய்ந்து வந்தான். நாடகமா போடுகிறாய் என்று இடுப்பில் உதைத்து, தொங்கிய கையைத் தானே பிடித்து முறுக்கினான். நெட்டையன் போட்ட அலறல் தெருக்கோடிவரை கேட்டது. கட்டையனுக்குக் கண் இருண்டது. மேஸ்திரியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து லாரிப் பலகையில் மோதினான். மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. ஒருவரும் விலக்கவில்லை.

அதற்குள் விடிந்து மில்லும் ஓடத் தொடங்கியிருந்தது. கிடங்கு ஆட்கள் நெட்டையனைக் கைவண்டியில் கிடத்தி நடுரோட்டில் நிறுத்தினார்கள். இரண்டு கேட்டிலிருந்தும் இரண்டு முதலாளிகளும் வந்தார்கள்.

“பழைய அடிய்யா. எங்கிட்ட வரும்போதே கெட்டுப்போன தோள்,” என்றார் கிடங்குக்காரர்.

“நல்ல கையோடதான் அனுப்புனேன். இரும்பத் தூக்க வச்சது நீங்க,” என்றார் மில்காரர்.

நெட்டையன் தலையைத் தூக்கினான். “அங்க உடைஞ்சது, இங்க அறுந்துக்கிட்டிருக்கு. ரெண்டு பேரும் இதே கையிலதானய்யா சம்பாதிச்சீங்க?”

மில்லில் ரம்பச் சத்தம் நின்றது. உடம்பெல்லாம் மரத்தூளோடு ரம்பக்காரர் வெளியே வந்தார், பின்னாலேயே மற்றவர்களும். இரும்புக்காரர்களை மாடுகள் என்று கேலி பேசியே பழகிய வாய் அவருக்கு.

“மரம் உருண்டப்ப நான் பக்கத்துல நின்னேன். எங்க கேட்டாலும் சொல்றேன்,” என்றார் தன் முதலாளியின் முகத்தைப் பார்த்தே.

“இங்க கழண்டப்பெல்லாம் நான் இருந்தேன். நானும் சொல்றேன்,” என்றான் கட்டையன்.

உங்கள் வேலை போய்விடும் என்று இரு முதலாளிகளும் மிரட்டினார்கள். அதில் மட்டும் என்ன ஒற்றுமை!

“ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்கு வாங்க. யாருக்கு எவ்வளவு பொறுப்புன்னு அப்புறம் பேசிக்கலாம். அதுவரைக்கும் இந்த ரோட்டுல ஒரு கையும் வேலை செய்யாது,” என்றார் ரம்பக்காரர்.

முதலாளிகள் அசையவில்லை. வண்டி அசைந்தது. நெட்டையனுக்கு வலி கொஞ்சமும் குறையவில்லை. தள்ளுகிறவர்கள் யார் யாரென்று தலையைத் திருப்பிப் பார்த்தான். துருவேறிய கை எது, மரத்தூள் படிந்த கை எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.