கடைசிப் பாட்டுக்கு ஒரு வாக்கெடுப்பு

1.

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, எங்கள் வீட்டில் நடந்தது. என் பங்கு மூன்று டிக்கெட் வாங்கியதுதான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. திரையரங்கின் வாசலில் அவள்—"

(மழை பெய்யவில்லை. பகல் காட்சி, மண்டையைப் பிளக்கும் வெயில். அடித்துவிட்டேன், அடித்தது தெரியட்டும்.)

படம் வந்து இருபத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. வசனத்தைவிடப் பாட்டு அதிகம். கடைசிப் பாட்டில் நாயகி உயிரை விடுவாள்; பாட்டை விடமாட்டாள். படம் வெளியான அன்று பாதி அரங்கு அழுதது, மீதி விசிலடித்தது. அக்கா அழுத கட்சி. பின்வரிசையில் ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். அக்கா திரும்பி, "உங்க வீட்ல எழவு விழுந்தாலும் இப்படித்தான் சிரிப்பீங்களா?" என்று கேட்டாள்.

அவர்தான் பிறகு எனக்கு அத்தான் ஆனார்.

2.

அக்கா பல் டாக்டர். அத்தான் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். இரண்டு வருடமாகத் தனித்தனி வீடு. காரணம் கேட்டால் அக்கா, "குறட்டை" என்பாள். அத்தான், "உங்க அக்காவையே கேளு" என்பார். இதை வைத்துக்கொண்டு நான் எப்படிக் கதாபாத்திரம் செய்வது?

வெள்ளிவிழாக் காட்சி என்று விளம்பரம் வந்ததும் இருவரிடமும் தனித்தனியாகப் பொய் சொன்னேன்: "ஒரு டிக்கெட் மிச்சமிருக்கு." இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. நான் இரண்டு வரிசை தள்ளிப் பின்னால் பதுங்கிக்கொண்டேன். பதுங்கினாலும் காது வேலை செய்தது.

"இது அவன் வேலைதானே?" என்றாள் அக்கா.

"வேற யாருக்கு இவ்வளவு வெட்டி நேரம் இருக்கு?" என்றார் அத்தான்.

(இரண்டு வருடத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் நான்.)

3.

கடைசிப் பாட்டுக்கு முன் படம் நின்றது. விளக்கெரிந்தது. வயதான இயக்குநர் மேடையேறினார். "அவ பிழைச்சுக்கிற மாதிரியும் ஒரு முடிவு எடுத்து வெச்சிருந்தேன். யாரும் பார்த்ததில்ல. எது வேணும்? கை தூக்குங்க."

அரங்கு சந்தைக்கடையானது. "அப்ப இத்தனை வருஷம் அழுததெல்லாம் வீணா?" என்று ஒருவர் எழுந்து கத்தினார்.

பிழைக்கட்டும் என்பவர்களோடு அக்கா கை தூக்கினாள். சாகட்டும் என்பவர்களோடு அத்தானின் கை உயர்ந்தது. அக்கா சட்டென்று திரும்பினாள்.

"அன்னிக்குச் சிரிச்ச மனுஷன், இப்ப சாகட்டும்கிறீங்க?"

"அன்னிக்கும் அழுகைதான் வந்துச்சு. கூட்டாளிங்க பக்கத்துல இருந்தாங்க, சிரிச்சு மழுப்பிட்டேன். இன்னிக்காவது ஒழுங்கா அழுதுக்கலாம்னு பார்த்தேன்."

அக்காவின் குரல் இறங்கியது.

"அம்மா போன அன்னிக்கு, வந்தவங்ககிட்டெல்லாம் ஜோக் அடிச்சுக்கிட்டிருந்தீங்களே. அதுவுமா?"

அத்தான் தலையை மட்டும் ஆட்டினார்.

"சொல்லித் தொலைச்சிருக்கலாமே."

"நீதான் அதுக்கப்புறம் முகம் குடுத்தே பேசலையே."

(குறட்டை, பாவம், நிரபராதி. இந்த இடத்தை நான் கற்பனை செய்திருந்தால் அத்தானுக்கு இன்னும் நல்ல வசனம் கொடுத்திருப்பேன்.)

4.

'சாகட்டும்' ஜெயித்தது. விளக்கணைந்து பாட்டு தொடங்கியது. இனி முடிவு.

அ: இருவரும் அழுகிறார்கள். (ஈரம் அதிகம்.)

ஆ: அவர் அழுகிறார், அவள் சிரிக்கிறாள். (கணக்கு இவ்வளவு சரியாக வந்தால் எழுத்தாளனைச் சந்தேகியுங்கள்.)

இ: இருட்டில் அக்கா மெல்ல அவருடைய கையை—

தெரியாது. முன்னால் ஒரு ஆறடி ஆள் எழுந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. விளக்கெரிந்தபோது இரண்டு இருக்கையும் காலி.

சாயங்காலம் அக்காவுக்கு ஃபோன் போட்டேன்.

"என்னக்கா ஆச்சு?"

"எதுக்குடா? கதை எழுதவா?"

"ஆமா."

"நாங்க இன்னும் பேசி முடிக்கல. நீ ஃபோனை வை."

'நாம' என்று சொல்லியிருந்தால் எனக்கும் ஓர் ஓரத்தில் இடம் இருந்திருக்கும். 'நாங்க' என்றால் கேட்பவனுக்கு உள்ளே இடமில்லை. வைத்துவிட்டேன். அந்தச் சொல்லுக்குள் நுழைய உங்களுக்குத் துணிச்சல் இருந்தால், மீதியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.