ஏபி மட்டும் பிழைத்தது

மூன்று தொலைபேசிகளும் ஒரே நேரத்தில் அலறின.

காபிப் பொட்டலத்தைச் சுடுநீரில் கொட்டிக்கொண்டிருந்த நான் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். ஓடிய வேகத்தில் அலுவலகச் செருப்பில் ஒன்று மேஜைக்கடியில் தங்கிவிட்டது.

"ரத்த வங்கியிலேர்ந்து பேசறோம். பி குரூப் நோயாளிக்குக் கொடையாளர் பட்டியல் கேட்டா 'கோளாறு, நிர்வாகியை அணுகவும்'னு வருது. நிர்வாகி நீங்கதானே? அணுகிட்டோம். இப்ப சொல்லுங்க!"

மற்ற இரண்டு தொலைபேசிகளிலும் இதே செய்திதான். குரல்தான் வேறு.

ஜோன்ஜு நகரத்து ஓன்பிட் மருத்துவமனையின் பின்கட்டில், சலவைக்கூடத்துக்குப் பக்கத்து அறை எங்களுடையது. எந்நேரமும் ஈரப் போர்வை வாசனை அடிக்கும். அந்த அறையில் உட்கார்ந்துதான் இரண்டு வருடமாக இந்தக் கணினி அமைப்பைக் கட்டினோம். நோயாளியின் ரத்த வகையைத் தட்டினால் போதும். ரத்தம் கொடுக்கத் தகுதியான, ஊரில் இருக்கிற கொடையாளர்களின் பெயர்கள் வரும், அவர்களுடைய கைப்பேசிக்குச் செய்தியும் போகும். அன்று காலைதான் முதல்முறையாக ஓட விட்டிருந்தோம். அது படுத்துவிட்டதால் செவிலியர்கள் பழையபடி ஒவ்வொரு எண்ணாகச் சுழற்றத் தொடங்கியிருந்தார்கள்.

கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார் குவாக் புஜாங். சியோலிலிருக்கும் பெரிய கம்பெனியின் தலைமை ஆள். புஜாங் என்பது பதவி, அழைக்கும்போது மரியாதைக்கு 'நிம்' சேர்ப்போம். மருத்துவமனை அவர்களுக்கு வேலை கொடுத்தது, அவர்கள் எங்கள் சின்னக் கம்பெனிக்குக் கொடுத்தார்கள். எங்கள் தொழிலில் வேலை கொடுப்பவர் நிமிர்ந்து நிற்பார், வாங்குபவர் குனிவார். தப்பு யாருடையது என்று தெரிவதற்கு முன்பே குனிந்துவிட வேண்டும் என்பதுதான் பழக்கம்.

"பியோ டீம் லீடர்! தரவு எடுக்கிற பகுதி யார் எழுதினது?"

என்னைத்தான் கேட்டார். அவருக்கே தெரியும். இருந்தாலும் கேட்டார்.

"நான்தான், புஜாங்நிம்," என்றாள் என் குழுவிலிருந்த மா யோன்ஜு. நான் வாய் திறப்பதற்குள் எழுந்து நின்றிருந்தாள்.

"ஆஸ்பத்திரி டைரக்டர் கொதிச்சுப் போயிருக்காங்க. மேல போய் முதல்ல ஒரு மன்னிப்பு கேட்டுட்டு வந்துடு, ஏம்மா."

"என்ன தப்புன்னு தெரிஞ்சதும் கேக்கறேன். தெரியாம எதுக்காகக் கேக்கறது?"

குவாக்கின் காது சிவந்தது.

"நீ பி குரூப்தானே? பிடிவாதத்துலயே தெரியுது," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "மதியச் சாப்பாட்டுக்கு டைரக்டர் கீழ வருவாங்க. அதுக்குள்ள ஓடணும். இல்லேன்னா இவங்க சாயங்காலமே பெட்டியைக் கட்டிக்கட்டும். வேற ஆளை நான் சியோல்லேர்ந்து வரவழைச்சுக்கறேன்."

பாதியில் வெளியேற்றப்பட்ட ஆள் என்று ஒருமுறை பெயர் வந்துவிட்டால் இந்தத் தொழிலில் அடுத்த இடம் கிடைப்பது லேசில் நடக்காது. யோன்ஜுவுக்கும் அது தெரியும். அவள் தலைமுடியை அள்ளிப் பென்சிலால் குத்தி முடிந்துகொண்டு உட்கார்ந்தாள்.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் சொல்லாமல் இருக்க முடியாது, அந்தப் பென்சிலைப் பார்த்தபோது கொஞ்சம் கர்வமாகவும் இருந்தது.

மருத்துவமனைக்காக ஓடும் சர்வரின் பதிவைத் திறந்தோம். சிவப்புச் சிவப்பாக ஒரே வரி திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது: 'B என்பதை எண்ணாக மாற்ற முடியவில்லை.'

"பி-யை எதுக்குடா எண்ணா மாத்தறே?" என்று திரையைப் பார்த்தே கேட்டான் பொங் சாங்சோல். எங்கள் மூன்றாவது ஆள். கணினியோடு சண்டை போடாமல் அவனுக்கு வேலை ஓடாது. மூத்தவன் என்பதால் என்னை அவனும் யோன்ஜுவும் 'சோன்பே' என்பார்கள். "சோன்பே, இந்த நோயாளி படுத்திருக்கிறது பி பிளாக் வார்டு. வார்டுக் குறியீடு போய் எண் இருக்கவேண்டிய இடத்துல உக்காந்துருச்சு. அவ்வளவுதான் கதை."

பார்த்தோம். வார்டுக் குறியீடு தன் இடத்தில் சமத்தாக இருந்தது. சி பிளாக் நோயாளி ஒருவரைக் கொடுத்தாலும் அதே வரி, அதே பி. அந்த ஆளும் பி குரூப்தான்.

"பழைய தரவை ஏத்தினீங்களே, அதுல குப்பை இருக்கும்," என்றார் குவாக். அவர் போகவில்லை. எங்கள் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார்.

யோன்ஜு தலையாட்டினாள். "தரவு வரைக்கும் போகவே இல்லை, புஜாங்நிம். பாருங்க."

ஜாவா நிரலுக்கும் தரவுத்தளத்துக்கும் நடுவில் மேப்பர் என்று ஒரு தரகன் இருக்கிறான். தரவுத்தளத்திடம் கேட்கவேண்டிய கேள்விகளையெல்லாம் தனிக் கோப்பில் எழுதி வைத்திருப்போம். 'இப்படியென்றால் இந்த வரியைச் சேர்' என்று நடுநடுவே நிபந்தனைகளும் இருக்கும். தரகன் நிபந்தனைகளைப் பார்த்து, கேள்வியைக் கோத்து, அனுப்புவான். அனுப்பும் முன் 'இதோ தயார்' என்று பதிவில் ஒரு வரி போடுவான்.

அந்த வரியைத்தான் காணோம்.

"கேள்வி வாசல் தாண்டல," என்றாள் யோன்ஜு. "கோக்கும்போதே செத்துருக்கு. அப்ப இணைப்பு மேல தப்பில்லை, தரவு மேலயும் தப்பில்லை. என் நிபந்தனைல ஏதோ இருக்கு."

"பாத்தியா, நீயே ஒத்துக்கறே," என்றார் குவாக்.

"கோப்பு என்னுதுன்னு ஒத்துக்கறேன்."

தன் கணினியில் அதே கோப்பைத் திறந்து, அதே நோயாளியின் எண்ணைத் தட்டினாள். பட்டியல் அழகாக வந்து நின்றது.

"என் மெஷின்ல ஓடுதே..."

"ரொம்ப நல்லதாப் போச்சு," என்றார் குவாக். "உன் மெஷினைத் தூக்கிக்கிட்டுப் போய் நோயாளி தலைமாட்டுல வெச்சுடு."

சாங்சோல் சிரிப்பை அடக்க இருமினான். யோன்ஜு திரும்பவில்லை. அவள் கழுத்து மட்டும் சிவந்தது. அந்த நேரத்தில் நான் குனிந்திருக்கலாம். 'மன்னிக்கணும் புஜாங்நிம், நாங்க பாத்துக்கறோம்' என்று சொல்லி அவரை வெளியே அனுப்பியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அவள் முதுகு நேராக இருந்ததைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

மறுபடி தொலைபேசி. இந்த முறை ரத்த வங்கிச் செவிலியரின் குரலில் கோபம் இறங்கியிருந்தது.

"சரி பண்ணிட்டீங்களா? நன்றி. இப்ப ஒரு பட்டியல் வந்துச்சு."

"நாங்க எதையும் தொடலையே!" என்றேன். "யாருக்கு வந்துச்சு?"

"புதுசா ஒரு நோயாளி. ஏபி குரூப்."

நான் ஒலிபெருக்கியைப் போட்டிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. சாங்சோல் நாற்காலியில் சாய்ந்து நெஞ்சைத் தட்டிக்கொண்டான். அவன் ஏபி.

"மேதாவி ரத்தம்னா கணினிக்கே ஒரு மரியாதை இருக்கு பாத்தீங்களா? பி-யைப் பாத்தா மூஞ்சியைத் திருப்பிக்குது. புஜாங்நிம், நீங்க என்ன குரூப்?"

"ஏ," என்றார் குவாக், எரிச்சலோடு.

"அட, பதற்றக்காரங்க குரூப்."

ரத்த வகையை வைத்து ஆளின் குணத்தைச் சொல்வது எங்கள் ஊரில் சாதாரணம். பெண் பார்க்கும்போதும் கேட்போம், வேலைக்கு எடுக்கும்போதும் வாய் தவறிக் கேட்போம், சண்டையில் கட்டாயம் இழுப்போம். ஆனால் அன்று யோன்ஜு சட்டென்று நாற்காலியோடு சுழன்றாள்.

"சாங்சோல், ஓ குரூப் ஒண்ணு போடு. சர்வர்ல."

போட்டான். செத்தது. 'O என்பதை எண்ணாக மாற்ற முடியவில்லை.'

"ஏ."

அதுவும் செத்தது.

"ஏபி."

பிழைத்தது. பட்டியல் வரிசையாக வந்தது.

"ஏபி-க்கு என்ன விசேஷம்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

"சொன்னேனே, மேதாவி..."

"ரெண்டு எழுத்து!" மேஜையைத் தட்டினாள். பென்சில் கழன்று முடி தோளில் விழுந்தது. "மத்ததெல்லாம் ஒத்தை எழுத்து! சோன்பே, என் மெஷின்ல இருக்கிறதை விடுங்க. சர்வர்ல ஓடற கோப்பை இறக்குங்க."

இறக்கினேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். முதல் பார்வையில் இரண்டும் ஒன்றுதான். அவள் திரையில் விரலை வைத்த பிறகுதான் எனக்குக் கண்ணில் பட்டது. நிபந்தனைகளில் மேற்கோள் குறிகள் இடம் மாறியிருந்தன. அவள் வெளியே ஒற்றைக் குறியும் உள்ளே இரட்டைக் குறியுமாக எழுதியிருந்தாள். சர்வரில் வெளியே இரட்டை, உள்ளே ஒற்றை.

"இதுல என்ன இருக்கு? பொருள் ஒண்ணுதானே?" என்றார் குவாக். குனிந்து மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குப் பார்த்தார்.

"நமக்கு ஒண்ணுதான், புஜாங்நிம். மேப்பருக்கு இல்லை. ஒத்தைக் குறிக்குள்ள ஒரே ஒரு எழுத்து இருந்தா அதை ஒரு சொல்லா எடுத்துக்காது, தனி எழுத்துன்னு எடுத்துக்கும். நோயாளிக்காக வந்திருக்கிற 'பி' ஒரு சொல். இங்க நிக்கறது தனி எழுத்து. ரெண்டும் வேற வேற இனம். எப்படி ஒப்பிடறதுன்னு தெரியாம ரெண்டையும் எண்ணா மாத்தப் பாக்குது. பி எப்படி எண்ணாகும்? அங்கேயே விழுந்துருது."

"அப்ப ஏபி?"

"ரெண்டு எழுத்து இருந்தா எந்தக் குறிக்குள்ள போட்டாலும் அது சொல்தான். அதுவும் ஏபி-க்கு யார் ரத்தமும் சேரும்கறதால அதைத்தான் முதல் நிபந்தனையா வெச்சேன். பொருந்தினதும் அதோட நின்னுரும், கீழ இருக்கிற ஏ, பி, ஓ பக்கமே போகாது. அதான் பிழைச்சுது." ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். "இது தெரிஞ்சுதான் நான் உள்ள இரட்டைக் குறி போட்டேன். ஒவ்வொண்ணும் பாத்துப் பாத்துப் போட்டது."

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொன்னபோது அவள் குரல் உயரவில்லை. தன் கைவேலையைப் பற்றி அப்படிப் பேசத் தெரிந்த ஆள் எங்கள் கம்பெனியில் இருக்கிறாள் என்று ஊர் முழுக்கச் சொல்ல வேண்டும்போல் இருந்தது எனக்கு.

"யாரு மாத்தினது?" என்று கேட்டான் சாங்சோல்.

மாற்றப் பதிவைப் பார்த்தோம். முந்தின நாள் மாலை. கீழே குறிப்பு: 'தணிக்கைக்காக மேற்கோள் குறிகள் சீராக்கப்பட்டன.' அரசுப் பணம் கலந்த வேலை என்பதால் வெளியார் தணிக்கை உண்டு. தணிக்கைக்காரர்கள் வருகிறார்கள் என்றாலே கோப்புகளெல்லாம் ஒரே சீராக இருக்க வேண்டும் என்று ஆளாளுக்குச் சீப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். யார் வாரினார்கள் என்பதுதான் தெரியவில்லை. பெயர் இருக்கும் இடத்தில், அறையிலிருந்த எல்லோரும் பயன்படுத்தும் பொது அடையாளம்தான் இருந்தது.

"பரவாயில்லை, முதல்ல ஓட விடுவோம்," என்றாள் யோன்ஜு.

குறிகளைத் திருப்பினாள். ஏ, பி, ஓ, ஏபி நான்கையும் சாங்சோல் தட்டித் தட்டிப் பார்த்தான். நான்கும் உயிரோடு வந்தன. ரத்த வங்கிக்கு நானே போன் செய்தேன். பி குரூப் நோயாளிக்கான செய்திகள் பறந்தன. கொஞ்ச நேரத்தில் முதல் பதில் வந்தது. யாரோ ஒரு பேருந்து ஓட்டுநர்: 'வண்டியை விட்டுட்டு வர்றேன்.' பின்னாலேயே இன்னொருவர். சாங்சோல் எழுந்து நின்று கை தட்டினான். குவாக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார், வெகு நேரமாக.

மதியம், முளைப்பயிறு சூப்புக் கடைக்குப் போகலாமா என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது டைரக்டர் நாம்குங் கீழே வந்தார். குள்ளமான பெண்மணி. வெள்ளைக் கோட்டின் பையில் எப்போதும் இரண்டு கையையும் நுழைத்திருப்பார். எல்லோரும் எழுந்தோம்.

"ஓடுதாமே. சந்தோஷம்," என்றார், சந்தோஷமே இல்லாமல். "ஆனா காலையில என் நர்ஸ் பொண்ணுங்க உக்காந்து எண் சுழற்றினாங்க. நோயாளியோட அம்மா வெளியில நின்னு அழுதாங்க. அவங்ககிட்ட நான் என்ன சொல்றது? யாரோட தப்பு இது? இன்னிக்கு இங்கிருந்து போகப்போறது யாரு?"

எங்கள் எல்லோர் பார்வையும் குவாக் மீது. அவருடைய பார்வை தரை மீது.

என் முதுகு பழக்கத்தில் தானாகவே வளையத் தொடங்கியது. பாதியிலேயே யோன்ஜு பேசிவிட்டாள்.

"கோப்பு என்னுது, டைரக்டர்நிம். நேத்து நான் எழுதினது ஓடுச்சு. அதுக்கப்புறம் அதுல ஒரு மாத்தம் நடந்திருக்கு. இன்னிக்கு ஓட விடறதுக்கு முன்னால நான் இன்னொரு தடவை பாத்திருக்கணும், பாக்கலை. அதுக்கு மட்டும் மன்னிப்பு கேட்டுக்கறேன்." தலை தாழ்த்தினாள். சரியான அளவுக்கு, ஒரு விரல்கூட அதிகமில்லாமல். நிமிர்ந்தாள். "மாத்தினது யாருன்னு எனக்குத் தெரியாது. தெரியாத ஆளை நான் கைகாட்ட மாட்டேன்."

"அப்ப நீங்க போறீங்களா?"

யோன்ஜு முடியை அள்ளினாள். குத்தப் பென்சிலைத் தேடினாள், கிடைக்கவில்லை. அதற்குள் நான் முன்னால் வந்துவிட்டேன்.

"அவங்க போனா நாங்க மூணு பேரும் போறோம், டைரக்டர்நிம்." என் முதுகு நேராக இருந்தது எனக்கே ஆச்சரியம்.

டைரக்டர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். சலவைக்கூடத்து இயந்திரம் மட்டும் சுவருக்கு அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது.

குவாக் புஜாங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எங்களுக்கும் டைரக்டருக்கும் நடுவில் வந்து நின்று இடுப்பு மடங்கக் குனிந்தார். அவர் அப்படிக் குனிந்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

"மாத்தினது நான்தான், டைரக்டர்நிம்," என்றார். "கோட் எழுதறதை விட்டு வருஷக்கணக்காச்சு. இந்தப் பொண்ணு எழுதினது அவ்வளவு அழகா இருந்துச்சு, அதுல என் கையும் ஒரு இடத்துலயாவது படணும்னு ஆசைப்பட்டுட்டேன்."