கையெழுத்துப் போட்டால்தான் ரிமோட்

உலகின் மகத்தான நாகரிகங்கள் அனைத்தும் நூலகங்களின் நிழலில்தான் வளர்ந்தன. இதைச் சொன்னவர் எங்கள் வாசகர் வட்டத் தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ராஜையன் சார். சொல்லும்போது ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தக் காலத்துல இந்தக் கட்டடத்துல எடம் பிடிக்க அடிபிடி நடக்கும், மகேஷு. இப்பம் ஆருக்கு வாசிப்பு?"

அடிபிடி நடந்தது உண்மை. அப்போது இது பஞ்சாயத்து டிவி அறை. ஆன்டெனாவைத் திருவனந்தபுரம் பக்கம் திருப்பிவைத்து, புள்ளி புள்ளியாகத் தெரிந்த மலையாளப் படத்துக்கு நடந்த அடிபிடி அது. அதில் சாருடைய முழங்கை என் விலாவில் பட்டிருக்கிறது. இதையெல்லாம் வெளியில் சொல்ல முடியாது. எங்கள் ஊரில் கடந்தகாலம் முழுக்கப் புத்தகம்தான் வாசித்திருக்கிறது.

இப்போது இது கிளை நூலகம்; நான் இங்கே பதினேழு வருடமாகத் தினக்கூலி. ஒரு நாளைக்கு முப்பது வாசகர் கையெழுத்தாவது இல்லையென்றால் கிளையை மூடிவிடுவோம் என்று நாகர்கோவில் மாவட்ட நூலக அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. கிளை போனால் என் வேலையும் போகும். வந்துகொண்டிருந்தது ஆறு பேர். அதில் இரண்டு பேர் மின்விசிறிக்காக.

பிறகு, முந்திரி உடைக்கிற அண்டியாபீஸைப் பூட்டினார்கள். பெண்கள் வீட்டில் உட்கார்ந்தார்கள். கேபிளுக்குக் கட்டக் காசில்லாமல் வீட்டு டிவிகள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. சாரின் மகன் துபாயிலிருந்து வந்தபோது, பிள்ளைகள் போட்டித் தேர்வுப் பாடம் பார்க்கவென்று வாங்கித் தந்த பெரிய டிவி இங்கே சும்மா கிடந்தது. காலை பதினோரு மணிக்கு நேற்றைய சீரியலின் மறு ஒளிபரப்பு. நான் ஒரே ஒரு விதி வைத்தேன்: வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால்தான் ரிமோட். 'படித்த நூல்' என்ற கட்டத்தை நானே நிரப்பினேன். வேலை போன நாற்பது பெண்கள் அந்த மாதம் முழுக்கச் சுயமுன்னேற்ற நூல்கள் படித்தார்கள்.

ஆய்வு அதிகாரி வந்த அன்று டிவியை மேசைவிரிப்பால் மூடி, எல்லோர் கையிலும் ஒரு புத்தகத்தைத் திணித்தேன். பதிவேட்டைப் புரட்டியவர் அசந்துபோய்த் தாணம்மாளிடம் போனார்.

"என்ன கதைம்மா படிக்கிறீங்க?"

தாணம்மாள் அண்டியாபீஸில் இருபது வருடம் தோல் உரித்தவள். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விடமாட்டாள்.

"நல்ல கதை சாரே. மருமவளுக்கு வெசம் வச்ச பாலை மாமியாரே எடுத்துக் குடிச்சிட்டா. சாவாளா பிழைப்பாளான்னு தெரியாம எனக்கு ஒறக்கமே இல்ல."

"அப்புறம்?"

"அதுக்குள்ள வெளம்பரம் போட்டுட்டானுவ."

பக்கத்திலிருந்த ஜெயபாய் அவள் தொடையில் கிள்ளினாள். "ஏட்டி, வாயை மூடு."

"என்னத்துக்கு நுள்ளுக? நீயுந்தானே அழுத?"

அதிகாரி சற்று யோசித்தார். "கதைக்கு நடுவில் விளம்பரம். நவீன உத்தி" என்று உதவியாளரைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். போகும்போது என் தோளில் தட்டினார்.

இருபது நாளில் உத்தரவு வந்தது. 'வாசகர் பெருக்கத்துக்கு இக்கட்டடம் போதாமையால் இக்கிளை பேரூராட்சி நூலகத்துடன் இணைக்கப்படுகிறது.' அங்கே ஏற்கெனவே ஆள் இருப்பதால் தினக்கூலி தேவையில்லை என்பது கடைசி வரி.

ராஜையன் சார் கடிதத்தை மேடையில் வாசிப்பதுபோல இரண்டு முறை வாசித்தார்.

"பெருமையாட்டு இருக்கு மக்கா. நம்ம ஊரு வாசிப்புக்குக் கெடைச்ச அங்கீகாரமாக்கும் இது."

"எனக்கு வேலை போச்சு சார்."

"அது வேற காரியம்லா."

தாணம்மாள் மட்டும், "அந்தப் பெரிய நூலகத்துல டிவி உண்டா மக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "பின்ன அதை என்னத்துக்குத் தொறந்து வச்சிருக்கானுவ?" என்றாள்.

கடைசி வேலையாக உறுப்பினர் பட்டியலை எழுதி அனுப்பச் சொன்னார்கள். அதில் பெயர் இருந்தால் பேரூராட்சி நூலகத்தில் புத்தகம் எடுக்கலாம். வேலையில்லாத பகல்களுக்கு ஆகட்டும் என்று உறுப்பினர் பதிவேட்டில் என் பெயரைத் தேடினேன். இல்லை. பதினேழு வருடத்தில் நான் உறுப்பினராகச் சேரவே இல்லை.