எது தாக்குதல் துப்பாக்கி

வெர்னா லிண்ட்குவிஸ்ட் மாநிலச் சட்டமன்றத்தின் வரைவு அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள். சட்டம் போடுவது உறுப்பினர்கள். அவர்கள் மனதில் இருப்பதைச் சட்ட வாக்கியமாக எழுதிக் கொடுப்பது அவள். ‘படகு’ என்றால் எது என்று ஒருமுறை மூன்று வாரம் உட்கார்ந்து எழுதினாள். ஏரியில் மிதக்கவிட்ட பழைய கதவின்மேல் ஒருவன் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தால் அது படகா இல்லையா என்று கேட்டுக் கேட்டே மீன்வளத் துறையில் இரண்டு பேரைப் பைத்தியமாக்கினாள். தேன் எது, சர்க்கரைப் பாகு எது, சாலை எங்கே முடிந்து வயல் எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் அவள் எழுதியவைதான். எந்தப் பக்கமும் சாயக் கூடாது என்பது அந்த அலுவலகத்தின் விதி. அவளுக்கு அது சிரமமாக இருந்ததில்லை. யார் ஜெயிக்கிறார்கள் என்பதைவிட, ஒரு சொல்லுக்குள் எது வரும் எது வராது என்பதில்தான் அவளுக்குக் குறுகுறுப்பு.

ஜனவரி மாதம், கூட்டத்தொடர் தொடங்கிய இரண்டாவது நாள், செனட்டர் ஐடா பிரென்னர் பனி பூட்ஸைக்கூடக் கழற்றாமல் அவள் அறைக்குள் வந்து உட்கார்ந்தார். ஐடா அரசியலுக்கு வருவதற்கு முன் நர்ஸாக இருந்தவர். முந்தைய ஆகஸ்டில் ஆல்டர் கவுண்டி கண்காட்சியில் ஒருவன் நான்கு நிமிடத்தில் ஏழு பேரைச் சுட்டுக் கொன்றபோது, முதலுதவிக் கூடாரத்தில் இருந்தவர்.

“அவன் கொண்டுவந்தானே, அந்த மாதிரி துப்பாக்கி இனிமே இந்த மாநிலத்துல விக்கக் கூடாது. ஆனா எங்க ஊர்க்காரங்க வாத்து சுடுற துப்பாக்கில கை வெச்சா என்னை ஊருக்குள்ளயே விடமாட்டாங்க. ரெண்டுக்கும் நடுவுல ஒரு கோடு இருக்கு. அதைக் கண்டுபிடிச்சுக் குடு வெர்னா.”

“கோடு இருக்குன்னு யார் சொன்னாங்க செனட்டர்?”

“இல்லன்னா நீ எதுக்கு இருக்க?”

வெர்னா மற்ற மாநிலங்களின் சட்டங்களை எடுத்து மேஜையில் பரப்பினாள். ‘தாக்குதல் துப்பாக்கி’ என்ற தலைப்பின்கீழ் ஒவ்வொன்றிலும் ஒரு பட்டியல் இருந்தது. கைத்துப்பாக்கியில் இருப்பது போன்ற பிடி, கட்டைவிரல் நுழையும் துளை, தோளில் ஊன்றும் மடக்கக்கூடிய கட்டை, குழல் நுனியில் தீப்பொறி மறைக்கும் உறை. படித்துக்கொண்டே போனவள் ஒரு இடத்தில் நின்றாள். இவற்றில் ஒன்றைக்கூட அவள் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்காத பொருளின் பெயரை எழுதுவது அவள் பழக்கமில்லை. படகுக்காகக் குளிரில் துடுப்புப் போட்டவள் அவள்.

வரைவை வெளியாளிடம் காட்ட செனட்டரின் அனுமதி வேண்டும். “வார்த்தை சரியா வரும்னா சாத்தானுக்கே காட்டு” என்றார் ஐடா. வெர்னா துப்பாக்கிக் கடைகளுக்குப் போன் செய்தாள். முதல் கடைக்காரர் விஷயத்தைக் கேட்டதும் வைத்துவிட்டார். இரண்டாமவர் நீ பத்திரிகைக்காரிதானே என்று கேட்டுவிட்டு வைத்தார். மூன்றாமவர் நாற்பது மைல் தள்ளி, ராணுவத்தில் துப்பாக்கி பழுதுபார்த்துவிட்டு வந்து கடை வைத்திருந்த ரஸ் டிவோராக்.

“சனிக்கிழமை வாங்க மேடம். ஆனா ஒண்ணு, உங்க சட்டம் பாழாப் போகணும்னுதான் நான் வேண்டிக்கிறேன். அது தெரிஞ்சுகிட்டே வாங்க” என்றார்.

ரஸ் அறுபது வயது ஆள். தடித்த கண்ணாடி, அதைவிடத் தடித்த விரல்கள். வெர்னா கோட்டைக் கழற்றுவதற்குள் கவுண்டரில் இரண்டு துப்பாக்கிகளை எடுத்து வைத்தார். ஒன்று பழுப்பு மரக்கட்டை போட்டது, வேட்டைக்காரர்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பது போல. மற்றது முழுக் கறுப்பு, பிடியும் உறையுமாகச் சினிமாவில் வருவது போல.

“இதுல எது தாக்குதல் துப்பாக்கி, சொல்லுங்க பாப்போம்.”

“தெரியலையே. அதைக் கேக்கத்தானே நாற்பது மைல் வந்திருக்கேன்.”

ரஸுக்கு முகம் தொங்கிவிட்டது. “எல்லாரும் கறுப்பைக் காட்டுவாங்க. உடனே நான், ரெண்டும் உள்ள ஒண்ணுதான், ஒரே குண்டு, ஒரே வேகம்னு சொல்லி மூக்கை உடைப்பேன். பதினஞ்சு வருஷமா இதைத்தான் செஞ்சுட்டிருக்கேன். நீங்க கெடுத்துட்டீங்க.”

“பரவால்ல, சொல்லுங்க. நான் ஆச்சரியப்படுறேன்.”

அவர் சொன்னார். விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு. அடுத்தது தானாக ஏறிக்கொள்ளும். இரண்டுமே அப்படித்தான். பிடியும் உறையும் வெறும் உடுப்பு மாதிரி என்றார். வெர்னா இரண்டையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

“பிடி ஒண்ணுமே செய்யலன்னா, அதைத் தடை பண்றதுல உங்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்? ஏதோ செய்யுதுன்னா, என்ன செய்யுது?”

ரஸ் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

“இதை யாரும் என்கிட்ட கேட்டதில்ல” என்றார். “செய்யுது. வேகமா சுடும்போது குழல் மேல எகிறாம பிடிச்சுக்கும். அதே சமயம், மணிக்கட்டு ஒடிஞ்சு சரியாகாத ஒரு டீச்சர் எங்கிட்ட வர்றாங்க. இந்தப் பிடி இல்லன்னா அவங்களால துப்பாக்கியவே தூக்க முடியாது. ரெண்டும் நிஜம்.”

வெர்னா இரண்டையும் எழுதிக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமையும் வந்தாள். அதற்கடுத்ததும். பக்கத்துக் கடையில் இறைச்சிக் காரக் குழம்பான சில்லியும் இலவங்கப்பட்டை ரோலும் வாங்கி வந்து கவுண்டரிலேயே சாப்பிட்டார்கள். அவள் வரைவைப் படிப்பாள். அவர் அதில் ஓட்டை போடுவார். குண்டுகளை அடைத்துச் செருகும் பெட்டிக்கு மேகசின் என்று பெயர். ‘கருவியின்றிக் கழற்ற முடியாத மேகசின் உள்ள துப்பாக்கிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது’ என்று ஒரு சனிக்கிழமை எழுதிக்கொண்டு வந்தாள், பெருமையாக. ரஸ் பையிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்தார். அதன் கூர்நுனியால் துப்பாக்கியின் பக்கவாட்டில் இருந்த ஒரு பொத்தானைக் குத்தினார். மேகசின் பொத்தென்று கையில் விழுந்தது.

“தோட்டா கருவியா, இல்லையா? சொல்லுங்க மேடம். இன்னொரு மாநிலத்துல இதை வெச்சே பல வருஷம் ஓட்டினாங்க.”

வெர்னாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கதவில் தூண்டில் போட்டவன் ஞாபகத்துக்கு வந்தான். “இன்னொருவாட்டி செய்யுங்களேன்” என்றாள். அவர் மூன்று முறை செய்து காட்டினார்.

பிப்ரவரிக் கடைசியில் ஒரு நாள், வரைவைப் பாதி படித்ததும் ரஸ் கையமர்த்தினார்.

“நீங்க ஏன் இன்னும் கைப்பிடியவே சுத்திச் சுத்தி வர்றீங்க? நிஜமாவே ஆபத்து எதுலன்னு தெரியணும்னா, நிறுத்தாம எத்தனை சுடலாம், தீர்ந்ததும் எவ்வளவு சீக்கிரம் மாத்தலாம், அந்த ரெண்டையும் பாருங்க. மத்ததெல்லாம்...”

சொல்லி முடிக்கவில்லை. அவர் கண் சுவரில் மாட்டியிருந்த வரிசைமேல் போனது. கறுப்பு மட்டுமல்ல, அந்தக் கணக்கில் பழுப்பு மரக்கட்டைத் துப்பாக்கிகளும் பாதிக்கு மேல் தடைக்குள் வந்துவிடும்.

“அதை எழுதாதீங்க” என்றார்.

“காதுல விழுந்துடுச்சே ரஸ்.”

“நான் சொன்னேன்னு எழுதுவீங்களா?”

“சட்டத்துல யார் சொன்னாங்கன்னு எழுத இடமே கிடையாது.”

அவர் வெகுநேரம் ரோலைப் பிய்த்துக்கொண்டே இருந்தார், சாப்பிடாமல். பிறகு, “எழுதறதா இருந்தா சரியா எழுதுங்க. எத்தனைன்னு குத்துமதிப்பா போடாதீங்க” என்று சொல்லி, ஒரு தாளை இழுத்து வைத்துக்கொண்டார். அன்று அந்த இரண்டையும் வைத்து எழுதியது பதினோரு வரி. ஏரியில் கதவை விட்டவன்கூட அதிலிருந்து தப்ப முடியாது என்று வெர்னாவுக்குத் தோன்றியது.

மார்ச்சில் சட்டமன்றக் குழுவின் விசாரணை. வேட்டைக்காரர்களின் ஆரஞ்சுச் சட்டை போட்டு மசோதாவை எதிர்க்க வந்தவர்கள் ஒரு பக்கம். ஆல்டர் கவுண்டியில் செத்துப்போனவர்களின் படத்தை நெஞ்சில் குத்திக்கொண்டவர்கள் மறு பக்கம். வெர்னா மூலையில் உட்கார்ந்திருந்தாள். வரைவு எழுதுபவர்கள் அங்கே வாய் திறக்கக் கூடாது. துப்பாக்கி உரிமையாளர் சங்கம் தன் சாட்சியாக ரஸைக் கொண்டுவந்திருந்தது. கழுத்துப் பட்டி கட்டத் தெரியாமல் கட்டியிருந்தார். சங்கத்துக்கு வேண்டிய செனட்டர் ஹால்வர்சன் கேட்டார்:

“மிஸ்டர் டிவோராக், இத்தனை வருஷ அனுபவத்துல சொல்லுங்க. தாக்குதல் துப்பாக்கின்னா எதுன்னு யாராலயாவது வரையறுக்க முடியுமா?”

முடியாது என்று சொல்லத்தான் அவரை அழைத்து வந்திருந்தார்கள்.

“போன வருஷம் கேட்டிருந்தா முடியாதுன்னுதான் சொல்லியிருப்பேன்” என்றார் ரஸ். “இந்த மசோதாவப் படிச்சுப் பார்த்தேன். எதைப் பத்திப் பேசுதுன்னு இதுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்கு இந்தச் சட்டம் வேண்டாம் சார். ஆனா முன்னாடி மாதிரி, நீங்க எதைத் தடை பண்றீங்கன்னு உங்களுக்கே தெரியலன்னு சொல்லிட்டுப் போக முடியாது. தெரியுது. தெரிஞ்சும் எனக்கு வேண்டாம்.”

ஆரஞ்சுப் பக்கத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஐடா மைக்கை இழுத்தார். “ஏன் வேண்டாம்?”

“நான் நானூறு பேருக்கு வித்திருப்பேன். அவங்க யாரும் யாரையும் ஒண்ணும் செய்யல. அவங்க மூஞ்சியப் பாத்து, நீயும் அவனும் ஒண்ணுன்னு நான் சொல்ல மாட்டேன்.” கொஞ்சம் நிறுத்தினார். “ஆனா கண்காட்சிச் செய்தி வந்த அன்னிக்கு, அவன் பேரைக் கேட்டதும் நான் முதல்ல யோசிச்சது, என்கிட்ட வாங்கினானான்னுதான். வாங்கல. சந்தோஷப்பட்டேன். ஏழு பேர் செத்துக் கிடக்காங்க, நான் சந்தோஷப்பட்டேன். அது எனக்கு இன்னும் செரிக்கல.”

ஐந்துக்கு நான்கு என்று மசோதா குழுவைத் தாண்டியது.

ஆனால் முழு அவையில் மூன்று வாக்கு குறைந்தது. பேரம் பேசினார்கள். இழுபறியில் நின்ற மூன்று பேரும் சொன்னது ஒன்றுதான்: அந்தப் பதினோரு வரி எங்கள் தொகுதியில் சுவரில் மாட்டியிருக்கிற மரக்கட்டைத் துப்பாக்கியைத் தொடுகிறது, அதை எடுத்துவிடுங்கள், பழைய பட்டியலையே போடுங்கள். பிடி, துளை, மடக்குக் கட்டை, உறை. பட்டியல் பார்க்க மிரட்டலாக இருக்கும்; பிடிபடுவது கொஞ்சம். ஐடா வெர்னாவின் அறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு நின்றார்.

“ஒண்ணுமே இல்லாததுக்கு இது தேவலாம், இல்லயா?”

“அதை என்கிட்ட கேக்கக் கூடாது செனட்டர்.”

“தெரியும். ஆனாலும் கேக்குறேன்.”

வெர்னா தன் பதினோரு வரியைத் தானே நீக்கி, திருத்தத்தைத் தட்டச்சு செய்தாள். எந்தப் பக்கமும் சாயாமலிருப்பது இருபத்திரண்டு வருடத்தில் அன்றுதான் அவளுக்கு உடம்பு வலி போல இருந்தது. மசோதா இரண்டு வாக்கில் ஜெயித்தது. படம் குத்திய சனங்கள் படிக்கட்டில் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவர்கள் அழுவதைப் பார்த்து அவளால் வருத்தப்படவும் முடியவில்லை, சந்தோஷப்படவும் முடியவில்லை.

அன்று சாயங்காலமே ரஸ் போன் செய்தார். சங்கம் அவர் பெயரை உறுப்பினர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. வாடிக்கையாளர்களில் சிலர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

“இந்தக் கண்றாவிய எழுதினது யாரு?”

“நான்தான்.”

“ஐயோ வெர்னா.” அப்போதுதான் முதன்முதலாக மேடம் போடாமல் பெயர் சொன்னார். “எனக்கு வேண்டாத அந்தப் பதினோரு வரி தோத்ததுக்கு நான் ஆடணும். ஏன்னே தெரியல, வயிறு எரியுது.”

ஜூலையில் மறுபடி கூப்பிட்டார். “ஒரு பெட்டி வந்திருக்கு. வந்து பாருங்க.”

சட்டம் நடைமுறைக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. பெட்டியில் இருந்தது அதே கறுப்புத் துப்பாக்கி. பிடிக்குப் பின்னால் மட்டும் மீன் துடுப்பு போல ஒரு பிளாஸ்டிக் தகடு. கட்டைவிரல் சுற்றிப் பிடிக்க முடியாது. ஆகவே அது பிடி அல்ல. ஆகவே அது தாக்குதல் துப்பாக்கியும் அல்ல.

வெர்னா அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள், வந்தது குறுகுறுப்புதான். எங்கே விரல் போகிறது, எங்கே நிற்கிறது, இந்த வளைவை வரைந்தவன் அவள் எழுதிய வாக்கியத்தின் எந்தச் சொல்லைப் பார்த்து இதை வரைந்தான்? கைப்பையிலிருந்து அடிக்கோலை எடுத்துத் தகட்டின்மேல் வைத்தாள்.

“சட்டம்தான் முடிஞ்சுபோச்சே. இப்ப எதுக்கு அளக்குறீங்க?”

“ஜனவரியில மறுபடி யாராவது கேப்பாங்க.”

ரஸ் அவள் அளப்பதைச் சற்றுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பட்டறை மேஜையிலிருந்து வெர்னியர் அளவியை எடுத்து நீட்டினார்.

“அடிக்கோல் வளைவுக்குச் சரிப்படாது. இதை வெச்சுப் பாருங்க.”