மூவர் நின்று, ஒருவர் மடித்து

மலை மேல் நடக்கும் இசை விழாவின் குடும்பச் சீட்டில் மூன்று பேர் நின்றபடி போகலாம், ஒருவரை மடித்து எடுத்துப் போகலாம். கூடாரம் போடக் கொடுக்கிற இடம் அவ்வளவுதான். நான்கு பேர் உள்ள குடும்பங்களுக்கு இது வசதியாக இருந்தது.

கோமதியின் வீட்டில் மடிக்கப்படுவது கோமதி. அதை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. முதல் வருடம் மூட்டை கட்டியபோது கூடாரத் துணி, கொசுவலை, ஸ்டவ், இட்லி மாவு டப்பா, சுருட்டிய பாய் எல்லாவற்றுக்கும் நடுவில் பெரிய பையில் ஓர் இடம் மீந்தது. கோமதி அதற்குச் சரியாக இருந்தாள். தவிர, அவளுக்கு மடிக்கத் தெரியும். முதலில் மூச்சை முழுக்க விட்டுவிட வேண்டும். முழங்கால்களை மடித்த பிறகு தோள்களைக் கொசுவம் பிடிப்பதுபோல் உள்ளே கொண்டுவர வேண்டும். கழுத்து கடைசியில். அவசரப்பட்டுக் கழுத்தை முதலில் மடித்த எதிர்வீட்டு அம்மாள் அடுத்த புதன்கிழமை வரை பக்கவாட்டில் பார்த்தபடியே காய்கறி வாங்கினார்.

கோமதி தன்னைத் தானே மடித்துக்கொள்வாள். ஜிப்பை மட்டும் வெளியிலிருந்து யாராவது இழுக்க வேண்டும். அதை அவள் கணவர் சிவஞானம் இழுப்பார். இழுத்துவிட்டு, "ஒரு வழியா பேக்கிங்கை முடிச்சேன்" என்று நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொள்வார்.

மேலே போனதும் சமைக்கிற நேரத்துக்கு அவளை விரிப்பார்கள். விதியில் அதற்கு விலக்கு உண்டு. பாத்திரம் கழுவிக் கவிழ்த்ததும் மறுபடி பைக்குள். சனிக்கிழமை மாலை வேதநாயகி பாடும்போதும் கோமதி பைக்குள்தான் இருப்பாள். கேன்வாஸ் துணி வழியாக மிருதங்கம் வரும், குரல் வராது. நான்கு வருடமாக அவள் வேதநாயகியின் கச்சேரியை இப்படித்தான் கேட்டாள். அந்தக் குரல் எப்படி இருக்கும் என்று அவளுக்கு ஓர் எண்ணம் இருந்தது. அது சரியா என்று தெரிந்துகொள்ள விரும்பினாள்.

வெள்ளிக்கிழமை காலை, பைகளைப் பரணிலிருந்து இறக்கியபோது சொன்னாள்: "இந்தத் தடவை நான் நின்னுட்டு வர்றேன்."

சிவஞானம் பையின் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார். "அப்ப யாரை மடிக்கிறது?" என்றார்.

நியாயமான கேள்வி. எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள்.

சிவஞானத்தின் அக்கா இந்திராணி வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு இவர்களோடுதான் இருந்தார். "என் இடுப்பை மடிக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார் கோமதி. நீட்டி வேணா வெச்சுக்கோங்க" என்றார்.

"நீட்டி வெச்சா வண்டிக் கதவு சாத்தாது அத்தை" என்றாள் நித்திலா. கல்லூரியில் படிக்கும் பெண். அவளுக்கும் ஒரு காரணம் இருந்தது. "எனக்கு மடிச்ச தடம் மூஞ்சில விழும்மா. போட்டோல அசிங்கமாத் தெரியும்."

"எனக்கும்தானேடி விழுது?"

"நீ போட்டோலயே இல்லையேம்மா."

கோமதி அதை ஒப்புக்கொண்டாள். பிறகு எல்லோரும் சிவஞானத்தைப் பார்த்தார்கள்.

"நான் வண்டி ஓட்டணும்" என்றார் அவர்.

"நித்திலா ஓட்டுவா. லைசென்ஸ் வந்தாச்சு."

"குடும்பத் தலைவனை மடிச்சு எடுத்துட்டுப் போனா பாக்கிறவங்க என்ன சொல்லுவாங்க?"

"ஜிப்பு போட்டா வெளியில தெரியாதுங்க."

"பொறந்ததுலேர்ந்து அவனை யாரும் மடிச்சதில்ல கோமதி" என்றார் இந்திராணி. "துணியை வாங்கினப்பவே மடிச்சுப் பழக்கணும். இப்ப எங்க படியப் போகுது?"

படியவில்லைதான். சிவஞானத்தின் உடம்பில் ஒரே ஒரு மடிப்பு இருந்தது. அது சோபாவில் உட்கார்ந்து விழுந்தது, வேறு எந்த நிலைக்கும் உதவவில்லை. தோள்களை உள்ளே கொண்டுவந்தால் கால்கள் குடைபோல் விரிந்துகொண்டன. கோமதி தண்ணீர் தெளித்து, இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் வைத்தாள்.

"சுடுதுடி!"

"அசையாம இருங்க. ரெட்டைக் கோடு விழுந்துடும்."

மதியத்துக்குள் ஆள் ஒரு தலையணை அளவுக்கு வந்துவிட்டார். அபிப்பிராயங்கள்தான் மடியவில்லை. எவ்வளவு அழுத்தியும் மேலே எழும்பின. அவற்றைத் தனியே ஒரு பையில் போட வேண்டியிருந்தது. அந்தப் பை அவரைவிடப் பெரிதாக வந்தது. கூடாரத்தை விட்டுவிட்டுப் போனால்தான் டிக்கியில் அதற்கு இடம் கிடைக்கும் என்று தோன்றியது. இந்திராணி, "என் மடியில வெச்சுக்கிறேன், சின்ன வயசுலேர்ந்து நான் சுமந்ததுதான்" என்று வாங்கிக்கொண்டார்.

ஜிப்பை கோமதி இழுத்தாள். இழுத்த பிறகு என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. வண்டியில் போய் முன்னால் உட்கார்ந்தாள். மலைப்பாதையில் வளைவுகள் இருந்தன. பையில் இருக்கும்போது அவற்றை அவள் வயிற்றால் மட்டுமே அறிந்திருந்தாள்.

வாயிலில் காவலர் பையை ஒருமுறை அமுக்கிப் பார்த்தார். "ஆம்பளையா?"

"ஆமா."

"மேல எதையும் வெச்சுடாதீங்க. கசங்கிடுவாங்க, அப்புறம் நாலு நாளைக்குப் பேச மாட்டாங்க."

கூடாரம் போட்டார்கள். சனிக்கிழமை நண்பகலில் மூவரும் ஸ்டவ்வைச் சுற்றி நின்றார்கள். நின்று வருகிறவர்கள் சமைப்பதில்லை என்பதை கோமதி நான்கு வருடமாகப் பார்த்திருந்தாள். ஆகவே அவள் சமைக்கவில்லை. மற்ற இருவருக்கும் அது பழக்கமான விஷயம். எல்லோரும் ஸ்டவ்வைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்பாவை விரிக்கலாமா?" என்றாள் நித்திலா.

"அவன் சமைப்பானா?" என்றார் இந்திராணி.

"மாட்டார்."

"அப்புறம் எதுக்கு விரிச்சுக்கிட்டு? மறுபடி மடிக்கிறது யாரு?"

வாயிலருகே பன்னும் வாழைப்பழமும் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

மாலையில் கோமதி மேடைக்கு நேர் எதிரே இடம் பிடித்தாள். நிற்பதற்கு யாரும் ஆட்சேபிக்கவில்லை. மிருதங்கக்காரர் வந்தார், வயலின்காரர் வந்தார், தம்புராவை மீட்டத் தொடங்கினார்கள். பிறகு ஒரு பெரியவர் பழுப்பு நிறப் பை ஒன்றைத் தூக்கிவந்து நடுவில், மைக்கின் முன்னால் வைத்துவிட்டு, கைகூப்பிவிட்டுப் போனார். அவர் வேதநாயகியின் கணவர். கூட்டம் கைதட்டியது. மிருதங்கம் தொடங்கியது. ரசிகர்கள் தொடையில் தாளம் போட்டார்கள். இந்திராணி கண்ணை மூடி, "ஆகா" என்றார்.

கோமதி பையைப் பார்த்தாள். தலை கீழே இருக்கும்படி வைத்திருந்தார்கள். அது தப்பு. அப்படி வைத்தால் தலையில் இரத்தம் கட்டும். அவள் மேடையேறிப் பையை நிமிர்த்தி ஜிப்பைத் திறந்தாள். கழுத்தை முதலில் விடுவித்தாள், பிறகு தோள்கள், பிறகு முழங்கால்கள். புடவையை நீவிவிட்டாள். வேதநாயகி நெடுநாள் மடிப்பு. கன்னத்தில் கோடு ஆழமாக இருந்தது. அவர் கண் திறந்து, இடது பக்கமும் வலது பக்கமும் பார்த்துவிட்டு, மைக்கில் கேட்டார்:

"அடுப்பை எங்கே வைக்கணும்?"

கோமதி நினைத்ததைவிடக் கொஞ்சம் கனமான குரல். அடியில் மணல்போல் ஏதோ இருந்தது. அவள் கீழே இறங்காமல் அங்கேயே, நேராக நின்று கேட்டாள்.

வயலின் அந்த வரியைப் பிடித்துக்கொண்டது. வேதநாயகி அதையே மறுபடி கேட்டார், மேலே போய்க் கேட்டார், 'எங்கே'யில் நின்று நெடுநேரம் கேட்டார். முன் வரிசையில் ஒருவர் கைக்குட்டையை எடுத்தார். "சாவேரி" என்றார் இந்திராணி, அழுதுகொண்டே. "எப்பேர்ப்பட்ட கேள்வி!"

கோமதி மேடையின் இடது ஓரத்தைக் காட்டினாள். அங்கே காற்று படாது. வேதநாயகி தலையசைத்துவிட்டு இரண்டாவது வரிக்குப் போனார்.

"உப்பு எந்தப் பையில?"

முன்னால் இருந்த ரசிகர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மடிப்பிலிருந்து விரிந்து வந்த குரலாதலால் மற்றப் பைகளின் கேன்வாஸ் அதைத் தடுக்கவில்லை. மைதானத்தின் பின்னால், மலைச்சரிவு வரை, எல்லாக் கூடாரங்களிலும் மூடிக் கிடந்த பைகளிலிருந்து பதில் வந்தது. நீலப் பை, முன் ஜிப்பு. சிவப்புப் பை, டம்ளருக்குள். கூடையில், பருப்புக்கு அடியில். வார்த்தைகள் வேறு வேறாக இருந்தாலும் சுருதி ஒன்றாகவே இருந்தது. "பச்சைப் பை, கரண்டிக்குப் பக்கத்துல" என்று கோமதியும் சேர்ந்துகொண்டாள்.

வேதநாயகி எல்லோரும் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு மிருதங்கக்காரருக்குச் சைகை காட்டிவிட்டு, தீப்பெட்டியைப் பற்றிய சரணத்தைத் தொடங்கினார்.