முந்திப் பிறந்த டைக்

டைகர் என்ற சொல்லின் வாலை ஒட்ட நறுக்கினால் மிஞ்சுவது டைக். ஐரிஷ் மொழியில் எழுதினால் Tadhg என்று ஐந்து எழுத்து. அதில் பாதி வாயைத் திறப்பதே இல்லை. அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில் பையன்களுக்குக் காலங்காலமாக வைத்துவந்த பெயர். அதற்கு ஒரு காலத்தில் இருந்த மரியாதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். பள்ளிக்கூட வாத்தியார் அதைப் பதிவேட்டில் ‘திமொத்தி’ என்று எழுதிக்கொள்வார். இங்கிலாந்துக்குக் கட்டட வேலைக்குப் போனவன் ‘டிம்’ ஆகித் திரும்புவான். குப்பன் சுப்பன் என்று நாம் சொல்வதற்கு இங்கே ‘சந்தைக்கு வந்த டைக்’ என்பார்கள். அப்படிச் சீந்துவாரில்லாமல் கிடந்த பெயருக்கு வந்த யோகத்தைப் பாருங்கள்! இப்போது வருஷா வருஷம் வெளியாகும் குழந்தைப் பெயர்ப் பட்டியலில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. டப்ளின் காபிக்கடைகளில் மூன்று தள்ளுவண்டி நின்றால் ஒன்றில் டைக் படுத்திருக்கிறான்.

ஐலீஷ் பட்டியலைப் பார்த்து ஆசைப்பட்டவள் அல்ல. அவளுடைய மாமனார் பெயர் டைக் ஓசல்லிவன். மூத்த மகன் டோனலுக்கு அவள் வாழ்க்கைப்பட்டுப் பதினான்கு வருஷம். முதல் பையனுக்கு அப்பாவின் அப்பா பெயர், அது இங்கே எழுதாத சட்டம். ஆனால் பையன் வரவேண்டுமே! ஒன்று பெண், இரண்டு பெண். மூன்றாவது தடவை வயிற்றின் வாகைப் பார்த்து, ‘இது டைக்கேதான்’ என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தாள். அதுவும் பெண். ஒரு வருஷம் கடைவீதியில் தலை காட்ட முடியவில்லை.

அதனால்தான் நான்காவது உண்டாகி, ஸ்கேனில் பையன் என்று தெரிந்தபோது புருஷனைத் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை. அந்த வாய்ப்பூட்டுதான் அவளுக்கு வினையாகப் போயிற்று.

மாமனார் இறந்து ஓராண்டு. ஜூலையில் மாதா கோயிலில் அவருக்காகப் பூசை வைத்தார்கள். டோனலின் தம்பி கார்மக் பெல்ஃபாஸ்டிலிருந்து ஏழு மாதப் பிள்ளைத்தாச்சி மனைவி ப்ரோனாவோடு வந்திருந்தான். பூசை முடிந்து எல்லோரும் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஐலீஷ் நாலரை மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு பன்றிக்கறியும் முட்டைக்கோசும் வேகவைத்து, உருளைக்கிழங்கை மலையாகக் குவித்து வைத்திருந்தாள். பக்கத்துப் பண்ணை செம்பட்டை மைக்கீயும் பந்தியில் இருந்தார். அந்த ஊரில் கல்லை விட்டெறிந்தால் ஓர் ஓசல்லிவன் தலையில்தான் விழும். ஆகவே ஆளுக்கு ஆள் அடையாளமாக ஊரே ஓர் ஒட்டுப்பெயர் வைக்கும். வைத்தால் வைத்ததுதான். மைக்கீயின் தலை முப்பது வருஷமாக முட்டை போலிருக்கிறது. இன்றும் அவர் செம்பட்டை மைக்கீதான்.

கார்மக் முட்கரண்டியைக் கீழே வைத்தான். “ஒரு விஷயம் சொல்லணும். எங்களுக்குப் பையன். அப்பா பேரையே வைக்கப்போறோம். டைக்.”

மைக்கீ மேஜையைத் தட்டினார். “சபாஷ்டா! பெரியவர் இங்கேயே திரும்பி வந்துட்டாருன்னு வச்சுக்க!”

“நல்ல பேருடா. அப்பா இருந்தா துள்ளிக் குதிச்சிருப்பாரு” என்றான் டோனல்.

ஐலீஷ் மேஜைக்கு அடியில் அவன் காலில் ஓர் உதை விட்டாள்.

“ஏன் உதைக்கிற?” என்று அந்த மகராசன் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டான்.

“கால் மரத்துப்போச்சு” என்று ஐலீஷ் எழுந்துபோய் அடுப்பைப் பார்த்து நின்றாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. எரிந்ததெல்லாம் அவள் வயிறுதான். மூன்று வருஷம் நடக்கமுடியாமல் கிடந்த கிழவருக்கு ஊட்டிவிட்டது யார்? முகம் மழித்துவிட்டது யார்? கால் நகம் வெட்டியது யார்? கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை, ஈஸ்டருக்கு ஒரு தடவை பெட்டியோடு வந்து, ‘என்ன மாமா, சௌக்கியமா?’ என்று கேட்டுவிட்டுப் போனவள் இந்த ப்ரோனா! உழுதவள் ஒருத்தி, அறுப்பவள் ஒருத்தியா? முன்னே வந்த காதைவிடப் பின்னே வந்த கொம்புக்குத்தான் மவுசு என்று சும்மாவா சொன்னார்கள்?

சாப்பாடு முடிந்ததும் ப்ரோனா பாத்திரம் துடைக்க வந்தாள். ஓரகத்திகள் இருவரும் தொட்டிப் பக்கம் நின்றார்கள். மற்றவர்கள் அதே அறையில் டீயும் ஆப்பிள் பணியாரமுமாகக் கால்பந்துச் சண்டையில் இறங்கியிருந்தார்கள்.

ஐலீஷ் குரலில் தேனைத் தடவிக்கொண்டாள். “உன் நல்லதுக்குத்தான் சொல்றேன், ப்ரோனா. தப்பா எடுத்துக்காதே. இங்க அந்தப் பேரு சரி. உங்க பெல்ஃபாஸ்டுல புராட்டஸ்டண்டுகாரங்க கத்தோலிக்கக்காரங்களைத் திட்டுறதுக்கே அந்தச் சொல்லுதானே? சுவத்துல எல்லாம் எழுதி வைப்பாங்களாமே! அந்த ஊர்ல ஒரு பிஞ்சுப் பிள்ளைக்குப் போயி...”

அவளுக்கே தன் வாய் கசந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. “கில்லியன், ஓஷீன்னு எவ்வளவோ அழகான பேரு இருக்கு.”

ப்ரோனா துடைத்துக்கொண்டிருந்த தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள். ஆஹா, பலித்துவிட்டது என்று ஐலீஷ் நினைத்தாள்.

“எனக்கா தெரியாது, அக்கா? ஒன்பது வயசுல ஸ்கூல் யூனிஃபார்மோட பஸ்ஸுல போவேன். பின் சீட்டுப் பசங்க அந்தச் சொல்லைச் சொல்லிச் சொல்லித்தான் எச்சில் துப்புவாங்க. ஒருநாள் எங்க வீட்டுக் கதவுல வெள்ளை பெயின்ட்டால அதையே எழுதிட்டுப் போனாங்க. அப்பா ரெண்டு நாள் சுரண்டினாரு. அப்புறமும் வெயில் சாய்வா விழுந்தா எழுத்து தெரியும். அது ஒரு பேருன்னே எனக்குத் தெரியாது, அக்கா. வசவுன்னுதான் நினைச்சிருந்தேன்.”

ஐலீஷ் தண்ணீரில் இருந்த கையை எடுக்கவில்லை.

“முதல் தடவை இந்த வீட்டுக்கு வந்தேன். மாமா வாசலுக்கு வந்து கையை நீட்டி, ‘நான்தாம்மா டைக்’ன்னாரு. எனக்குத் தூக்கிவாரிப்போட்டுச்சு. ரெண்டடி பின்னாடி போயிட்டேன். என்னம்மான்னு கேட்டாரு. அழுதுகிட்டே எல்லாத்தையும் சொன்னேன். அவரு சிரிச்சாரு. ‘அட பைத்தியமே, டைக்குன்னா கவிஞன்னு அர்த்தம். அந்த மடப்பசங்க அத்தனை வருஷமா உன்னைக் கவிஞன்னு கூப்பிட்டிருக்கானுங்க, அது அவனுங்களுக்கே தெரியலை’ன்னாரு. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். என் வாசல்ல நின்னு நானே அந்தப் பேரைச் சத்தம்போட்டுக் கூப்பிடணும். தெருவுக்கே கேக்கணும்.”

கவிஞனா? ஐலீஷுக்கு அது தெரியாது. பதினான்கு வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தவளிடம் அந்த மனிதர் ‘உப்பு எங்கே’, ‘பசு கன்று போட்டுதா’ என்பதற்கு மேல் பேசியதில்லை. வந்த முதல் நாளே இவளுக்குப் பெயரின் அர்த்தத்தைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார்! பெயர் போனதற்கு எரிந்ததைவிட இதற்குத்தான் அதிகமாக எரிந்தது. அந்த எரிச்சலில் வாய்ப்பூட்டு தானாகவே உடைந்தது.

“எனக்கும் பையன்தான்டி! அந்தப் பேரு என் பிள்ளைக்கு. பதினாலு வருஷமா எடுத்து வச்சிருந்த பேரு.”

மேஜையில் கால்பந்து நின்றுபோயிற்று. கார்மக் அண்ணனைப் பார்த்தான். டோனல் டீக் கோப்பைக்குள் எதையோ தேடினான்.

“ஐயோ, அக்கா!” ப்ரோனா ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். “முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? நான் வேற பேரு பார்த்துக்கறேன். உங்க உரிமை அது.”

இதைத்தானே வேண்டினாள்? கேட்டது கையில் வந்து விழுந்தபோது அந்தக் கதவும் வெள்ளை எழுத்தும் கண் முன்னே நின்றன. வாங்கிக்கொள்ளவும் முடியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

செம்பட்டை மைக்கீதான் பஞ்சாயத்து பண்ணினார். “எதுக்கும்மா ஒப்பாரி? ரெண்டு பேருமே டைக்குன்னு வைங்க. அந்தக் காலத்துல அண்ணன் தம்பி நாலு பேருன்னா நாலு வீட்டு மூத்த பையனுக்கும் தாத்தா பேருதான். ஒரே பள்ளிக்கூடத்துல நாலு டைக். பெரிய டைக், சின்ன டைக், கறுப்பு டைக், ஓட்டப்பல் டைக். பேரு வைக்கிறதுதான் பெத்தவங்க, கூப்பிடுறது ஊரு.”

எல்லோருக்கும் போன மூச்சு வந்தது. ஐலீஷ் மட்டும் கொஞ்சம் யோசித்தாள். “எது பெரிய டைக்?”

“இதென்ன கேள்வி? முந்திப் பொறக்கிறவன் பெரியவன்.”

இரண்டரை மாதம்! ஐலீஷ் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். எப்படி எண்ணினாலும் அவளுடையது பின்னால்தான் வந்தது.

ப்ரோனாவுக்குச் செப்டம்பரில் பிறந்தான். ஒல்லி, நீளக் கழுத்து, கோழிக்குஞ்சு மாதிரி. ஐலீஷுக்கு நவம்பர் கடைசியில் பிறந்தான். பத்து பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. தூக்கிய நர்ஸ் ‘அம்மாடியோவ்’ என்றாள். கிறிஸ்துமஸ் முடிந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருக்கும் ஒரே நாளில் ஞானஸ்நானம். மழை விட்டிருந்தது. கோயில் வாசலில் ஐலீஷ் தன் மகனைக் கை மாற்றிக் கை மாற்றித் தூக்கிக்கொண்டு நின்றாள், பார்ப்பவர்கள் எடையைப் பார்க்கட்டும் என்று.

மைக்கீ வந்தார். “எங்கே நம்ம சின்ன டைக்?” என்று நேரே அவளிடம்தான் வந்தார்.

“கண்ணு தெரியலையா? தூக்கிப் பாருங்க! இவனா சின்னவன்? அவனைவிட ரெண்டு பங்கு இருக்கான்!”

“எடை போட்டு விக்கவா போறே? ஊரு வச்சா வச்சதுதான், தாயி.” அவர் தன் மொட்டைத் தலையைத் தொட்டுக் காட்டினார். “என்னைப் பாரு.”

ஆறடி வளர்ந்தாலும், அறுபது வயதானாலும், கல்லறைக்குப் போகும் நாளிலும் இவன் சின்ன டைக். அந்தக் கோழிக்குஞ்சு பெரிய டைக். ப்ரோனா படிக்கட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு பிள்ளையின் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவளைப் பார்க்கவே ஐலீஷுக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

அப்போது மைக்கீ கையை வாயருகே குவித்து, மாட்டைக் கூப்பிடுகிற குரலில் கத்தினார். “டைக்!”

ப்ரோனாவின் தோள் துள்ளியது. ஒரு கையால் குழந்தையின் தலையை மறைத்துக்கொண்டு பாதி குனிந்தேவிட்டாள். பிறகுதான் எந்த ஊரில் நிற்கிறோம் என்று நினைவு வந்தவளாகத் திரும்பி, வியர்த்து வெளுத்த முகத்தோடு சிரித்தாள். மைக்கீ அதைக் கவனிக்கவில்லை. மற்றவர்களும் கவனிக்கவில்லை. ஐலீஷ் பார்த்துவிட்டாள்.

தன் பிள்ளையை டோனலின் கையில் திணித்துவிட்டுப் படியேறிப் போனாள். இரண்டு கையையும் நீட்டினாள்.

“கொண்டா இங்க” என்றாள். “நீ மூஞ்சியைத் துடைச்சுக்க. பெரிய டைக்கை நான் கொஞ்ச நேரம் வச்சிருக்கேன்.”